அழைப்புக்கு வழி வகுத்தல்

நள்ளிரவு 2 மணி. ஒரு சிறு மருத்துவமனைக்குத் தொலைபேசி அழைப்பு வருகிறது. வாயிலறையில் ஆள் இல்லை. அந்த அழைப்பு எங்கே போகும்? என்றோ ஒரு நாள், யாரோ ஒருவர் எழுதிவைத்த சில கட்டளை வரிகளே இதைத் தீர்மானிக்கின்றன. அவற்றை எழுதும் முறையை இங்கே காண்போம்.

அமெரிக்காவில் ஸ்ட்ரோஜர் என்பார் இறுதிச் சடங்குகள் நடத்தித் தரும் தொழிலினர். இணைப்பு நிலையத்துப் பெண் தமக்கு வரும் அழைப்புகளைப் போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறாள் என்று ஐயுற்றாராம். ஆள் இன்றியே இணைக்கும் பொறியை ஆக்கி, 1891-இல் அதற்கு உரிமை பெற்றார். இன்று அவ்வேலையைக் கணிப்பொறி செய்கிறது. 1999-இல் மார்க் ஸ்பென்சர் என்னும் மாணவர், தம் சிறு தொழிலுக்குத் தொலைபேசி அமைப்பு வாங்கப் பொருள் இன்மையால், தாமே ஒன்றை எழுதிக்கொண்டார். அதுவே ஆஸ்டரிஸ்க். விலையின்றிக் கிடைப்பதால், நம்மைப் போன்ற மாணவர் பழகுவதற்கு ஏற்றது.

இதில் அழைப்பின் வழிநெறியை டயல்பிளான் என்பர். ஒவ்வோர் எண்ணுக்கும் 1, 2, 3 என்று படிகள் உண்டு. அழைப்பை ஏற்பது முதற்படி. வரவேற்புக் குரலை ஒலிப்பது அடுத்த படி. குரலை ஒலிக்க இரு கட்டளைகள் உள்ளன. பிளேபேக் என்பது தான் பேசி முடிக்கும்வரை வேறெதையும் கவனியாது. பேக்கிரவுண்டு என்பதோ, பேசும்போதே அழைப்பவர் அழுத்தும் இலக்கத்துக்கும் செவி சாய்க்கும். மருத்துவமனைக்கு வேண்டியது பின்னதே. மூச்சுத் திணறும் தந்தையை அருகில் வைத்துக்கொண்டு ஒருவன் 'நல்வரவு' முடியும்வரை காத்திருக்கலாகுமா? மொழி எது என்னும் வினாவும் அவசரப் பிரிவுக்குப் பின்னரே வரட்டும். தமிழ் எத்தனையாவது எண் என்று காத்திருந்து பழகியவர்கள் நாம். இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அவசரத்துக்கு எண் 1 என்று வைத்து, அதே பகுதியில் அறைகளுக்கு 101, 102 என எண் கொடுத்தால் ஒரு தொல்லை உண்டு. 1-ஐ அழுத்தியதும், 'இன்னும் இலக்கம் வருமோ?' என்று பொறி சில வினாடி தயங்கும். அறை எண்களை 4-இல் தொடங்கினால் தயக்கம் நீங்கும்.

இனி, முதன்மையான படிக்கு வருவோம். எந்தப் பேசியில் எத்தனை வினாடி மணி அடிக்கவேண்டும் என்பதை டயல் என்னும் கட்டளையில் எழுதுகிறோம். செவிலியர் அறைக்கு 20 வினாடி என்று வைப்போம். எவரும் எடுக்காவிட்டால் அழைப்பு அடுத்த படிக்கு இறங்கும். வினாடியைக் குறிக்க மறந்தாலோ, மணி அடித்துக்கொண்டே இருக்கும். அடியில் எழுதிய படிகள் வீணே. பலரும் எடுப்பவர் இருப்பார் என்று நம்பியே நெறியை எழுதுகின்றனர். எடுப்பார் இல்லாதபோது என்ன செய்வது என்பதில்தான் பாதி வேலைக்கு மேல் இருக்கிறது என்பேன்.

அடுத்த படியாக, மருத்துவரின் கைப்பேசியை அழைக்கச் சொல்கிறோம். அதில் பதிவுக்குரல் எடுத்துப் பேசினால், மனிதரே எடுத்துவிட்டார் என்று பொறி எண்ணிவிடும்; அதன்பின் எந்தப் படிக்கும் இறங்காது. இதற்கு மாற்று, ஃபாலோமீ என்னும் கட்டளை. எடுத்தவர் ஓர் இலக்கத்தை அழுத்தி இசைவு தெரிவித்த பின்னரே அது இணைக்கும். மருத்துவர் தம் கைப்பேசிக்கு வரும் அழைப்புகளை மருத்துவமனைக்கே திருப்பிவைத்திருந்தால் இன்னும் வேடிக்கை: அழைப்பு செக்குமாடு போலச் சுற்றும்! அவரிடம் முன்னரே கேட்டுக்கொள்வது நலம்.

எல்லாவற்றையும் சரியாக எழுதியும் கெடுவதற்கு ஓர் இடம் உண்டு, அது கடிகாரம். இரவு 9 மணிக்கு இரவு நெறிக்கு மாறுக என்று எழுதியிருக்கிறோம். கணிப்பொறியின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தைக் காட்டுமாயின், நம் நாட்டு நேரப்படி அம்மாற்றம் பின்னிரவு 2:30-க்குத்தான் நிகழும். முதலில் சொன்ன 2 மணி அழைப்பு, பகல் நெறிப்படி ஆளில்லாத வாயிலறைக்கே போய் மணி அடிக்கும். ஆகவே, நெறியை எழுதியவர் அன்றிரவே வெளியிலிருந்து அழைத்து, எவரும் எடுக்கவேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்து, அழைப்பு எங்கெங்கே இறங்குகிறது என்பதைக் கடைசிப் படிவரை காதால் கேட்டுவிட வேண்டும்.