யாழ்ப்பாணம் வரை ஓட ஒரு மோட்டார் சைக்கிள்

கேள்வி: மாதமொருமுறை மனைவியுடன் யாழ்ப்பாணம் போய்வர டொமினார் 400 நல்லதா, யமஹா எஃப்ஸட் நல்லதா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: இலங்கையில் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே உங்கள் வழி புத்தளம், அநுராதபுரம், பிறகு ஏ9. ஒருவழிக்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். உச்சவேகத்தை மறந்துவிடுங்கள், லொறியை முந்தும்போது கைகொடுக்கும் இழுவைதான் முக்கியம். இருவரும் பையுமாக ஏறினால் எஃப்ஸட்டின் 149 சிசி அங்கே திணறும். டொமினாரின் 373 சிசி தயங்காது. ஆனையிறவில் பக்கக் காற்று தள்ளும்போது, அதன் 190 கிலோ அளவிலான பாரமும் உதவும்.

ஆனால் அதே பாரம் காலி வீதி நெரிசலில் கையை நோகடிக்கும். தினமும் வேலைக்கும் அதுதான் என்றால் எஃப்ஸட்டை எடுத்து, வழியில் கூடுதலாக ஓய்வெடுங்கள். மாதப் பயணத்துக்கே என்றால் என் தெரிவு டொமினார்.

பழையது வாங்கினால் முன் ஃபோர்க் குழாயை விரலால் தடவிப் பாருங்கள். எண்ணெய் ஒட்டினால் சீல் போய்விட்டது. கடற்காற்றில் நின்ற வண்டியென்றால் செயினிலும் ஆணிகளிலும் துரு தேடுங்கள். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாக விலையை முதலில் விசாரியுங்கள். மனைவியையும் கூட்டிப்போய்ப் பின் இருக்கையில் அரை மணிநேரம் இருத்திப் பாருங்கள்.