மனைவியை அழைக்கும் மனுவும் அரசின் உதவிப் பணமும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

என் பெரியம்மாவின் மகளுக்குத் திருமணமாகி ஓராண்டு ஆகிறது. அவள் கணவர் கனடாவின் டொராண்டோ நகரில் நிரந்தர வசிப்புரிமை பெற்று வாழ்பவர். சென்ற ஆண்டு அவர் வேலை செய்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்தது. அத்தானுக்கு வேலை போயிற்று. வேலை இழந்தோருக்கு அந்நாட்டில் காப்பீட்டுப் பணம் உண்டு. ஆயினும் அவர் அதைக் கேட்கவில்லை. “அரசாங்கத்திடம் காசு வாங்கினால் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக்கொள்ள முடியாது” என்று யாரோ சொன்னதை நம்பிக் கடன் வாங்கிக் காலம் தள்ளினார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். “நீதான் காலேஜ் படிக்கிறாயே தம்பி, அது நிஜமா என்று பார்த்துச் சொல்” என்றாள் அக்கா. அதற்காகப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அச்சத்தின் வேர்

இந்த அச்சம் காரணமின்றிப் பிறந்ததன்று. தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாமல் பொதுமக்களுக்குச் சுமையாகக் கூடியவர்களை நாட்டுக்குள் விடலாகாது என்று அமெரிக்கா 1882ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. வருகிறவரை யார் காப்பாற்றுவார் என்ற கேள்வி இன்றும் பல நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் அதனை ஒவ்வொரு விதமாகக் கேட்கிறது. அந்த வேறுபாட்டைக் காண்போம்.

கனடா கேட்பது

வாழ்க்கைத் துணையை அழைப்பவருக்குக் கனடா பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் என்று எதையும் வரையறுக்கவில்லை. ஆனால் அவர் ‘சமூக உதவி’ பெறுபவராக இருக்கக் கூடாது என்கிறது. சமூக உதவி என்பது, உணவு, உடை, உறைவிடம் போன்ற அடிப்படைத் தேவைகளுக்காக மாகாண அரசு வறியவர்க்கு அளிப்பது. உடல் ஊனத்தின் காரணமாக அதைப் பெறுவோருக்குத் தடை இல்லை.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மனுச் செய்யும் நாள் முதல் முடிவு வரும் நாள் வரைதான் இந்தத் தகுதி பார்க்கப்படுகிறது. என்றோ உதவி பெற்று நிறுத்திவிட்டவருக்கு அதனால் தடை இல்லை. மற்றொன்று, வேலையிழப்புக் காப்பீடு சமூக உதவி ஆகாது. அது தொழிலாளியும் முதலாளியும் கட்டிய சந்தாவிலிருந்து வரும் பணம். அதனை நடத்துவதும் மாகாணம் அன்று, மத்திய அரசு. ஆக, அத்தான் அஞ்சியது வீண்.

அழைப்பவர் ஓர் உறுதிமொழியும் தர வேண்டும். துணைவர் நிரந்தர வசிப்புரிமை பெற்ற நாளிலிருந்து 3 ஆண்டுகள் அவரைக் காப்பது இவர் பொறுப்பு. அதற்குள் துணைவர் சமூக உதவி பெற்றால் இவரே திருப்பிச் செலுத்த நேரும். மணமுறிவு ஏற்பட்டாலும் பொறுப்பு நீங்காது.

அமெரிக்கா கேட்பது

அமெரிக்காவிலோ கேள்வி தலைகீழாக இருக்கிறது. உதவி பெற்றாயா என்பதைவிட, வருமானம் போதுமா என்பதே முக்கியம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அழைப்பவர் ஐ-864 என்னும் படிவத்தில் உறுதிமொழி தருகிறார். அவரது வருமானம் அரசு அறிவிக்கும் வறுமைக்கோட்டில் 125 விழுக்காடு இருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு இருவர் கொண்ட குடும்பத்துக்கு வறுமைக்கோடு 21,150 டாலர். அதில் 125 விழுக்காடு ஏறத்தாழ 26,437 டாலர். இராணுவப் பணியில் உள்ளவர் மனைவியை அழைக்க 100 விழுக்காடே போதும்.

அழைப்பவர் உணவு உதவி பெற்றிருந்தால் அது மட்டுமே மனுவைக் கெடுக்காது. ஆனால் வறுமையைக் கணக்கிட்டுத் தரப்படும் அந்த உதவியை வருமானமாகக் காட்ட இயலாது. அவர் வேலை செய்து 20,000 டாலர் ஈட்டி, 4,000 டாலர் மதிப்புள்ள உணவு உதவியும் பெறுகிறார் என்று கொள்வோம். கணக்கில் வருவது 20,000 மட்டுமே. குறைவதைச் சொத்தைக் காட்டியோ, கூட்டுப் பொறுப்பாளர் ஒருவரைச் சேர்த்தோ ஈடு செய்யலாம். மனைவி குடியுரிமை பெறும் வரையிலோ, சுமார் 10 ஆண்டு உழைப்புக் கணக்கு நிறையும் வரையிலோ இப்பொறுப்பு நீடிக்கும்; மணமுறிவால் தீராது.

பிரிட்டன் கேட்பது

பிரிட்டன் 2012இல் துணையை அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுன் வேண்டும் என்றது. 2024 ஏப்ரலில் அது 29,000 பவுனாக உயர்த்தப்பட்டது. ஆனால் ஊனமுற்றோருக்கான சில உதவிகளையோ, நோயாளியைப் பராமரிப்போருக்கான உதவியையோ பெறுபவருக்கு இந்த வரம்பு இல்லை. குடும்பம் நடத்தப் போதுமான பணம் உண்டு என்று அவர் காட்டினால் போதும். அங்கே அவ்வுதவி தடையாகாததோடு, சலுகைக்கும் காரணமாகிறது!

நாம் உணர வேண்டியது

ஆகவே “அரசு உதவி வாங்கினால் ஆபத்து” என்ற ஒற்றை வாக்கியம் எந்த நாட்டுக்கும் முழுமையாகப் பொருந்தாது. எந்த நாடு? எந்த உதவி? பெறுபவர் அழைப்பவரா, வருபவரா? எந்தக் காலத்தில் பெற்றது? இந்த நான்கையும் கேட்ட பிறகே விடை சொல்ல முடியும். கணக்கில் ‘கொடுக்கப்பட்டவை’ எவை என்று எழுதாமல் விடை காண முயன்றால் என்ன ஆகும் என்பதை எங்கள் துறை நண்பர்கள் அறிவார்கள்.

விதிகளும் மாறுகின்றன. அமெரிக்காவில் குடியேற வருபவர் பெறும் உதவிகளில் எவற்றைக் கணக்கில் எடுப்பது என்ற விதி 2019இல் கடுமையாக்கப்பட்டது. 2021இல் அது கைவிடப்பட்டு, 2022இல் வேறு விதி வந்தது. அந்தக் கடுமையான காலத்தில், விதி தங்களைத் தொடாத குடும்பங்கள்கூட அஞ்சி, குழந்தைகளுக்குரிய உதவியையும் விட்டுவிட்டன என்று ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். சட்டம் தடுத்ததைவிட வதந்தி தடுத்தது அதிகம் போலும்.

அத்தான் விஷயத்திலும் அதுவே நடந்தது. வேலை போன 4 வாரத்துக்குள் காப்பீட்டுக்கு மனுச் செய்ய வேண்டும்; தாமதித்தால் பணத்தை இழக்க நேரிடலாம். என் கடிதம் கண்டு அவர் மனுச் செய்தபோது ஏழு வாரம் கடந்திருந்தது. கடந்த வாரங்களுக்கு உரிய பணம் கிடைக்கவில்லை. அதன் பிறகுள்ள காலத்துக்குக் கிடைத்தது. அக்காவை அழைக்கும் மனுவும் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டுக்கு முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள். நம்மிடம் கேள்வியோடு வருவோருக்குக் கேள்விப்பட்டதைச் சொல்லாமல், மூல விதியைப் படித்துச் சொல்வோம். நமக்குப் புரியாத இடத்தில் தகுதி பெற்ற சட்ட ஆலோசகரைக் காட்டுவோம். ஏழு வாரம் முன்பே யாராவது அதைச் செய்திருந்தால், அத்தான் அந்தக் கடனை வாங்கியிருக்க மாட்டார்.