அந்த ரெட் செக்கர் பெட்டையை விற்காதே

கல்மண்டபம், ராயபுரம்.

தம்பி,

புறா கிளப் மலரை உங்கப்பா நேற்று கொடுத்துவிட்டுப் போனார். உன் மொட்டைமாடிக் கூண்டைப் பற்றி நீ எழுதியதைப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பென்சில் முனை ஒடிந்துவிட்டது.

கம்பு எவ்வளவு, பட்டாணி எவ்வளவு, குஞ்சை எப்போது மாடியில் விடுவது, கூடூர் பந்தயத்துக்கு முன்னால் எத்தனை தடவை பழக்குவது, இதிலெல்லாம் உனக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. என் சண்டை உன் கட்டுரையின் இரண்டு இடங்களோடு மட்டும்தான். முதல் இடம்: ரெட் செக்கர் (சிவப்பில் கட்டம்) ஆணுக்கும் ரெட் செக்கர் பெட்டைக்கும் பிறந்ததில் ஒன்று ப்ளூ பார் (நீலத்தில் கோடு). உடனே தீர்ப்பு எழுதிவிட்டாய், பெட்டை தெருப் புறாவோடு போயிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிராட்வே சந்தையில் தள்ளிவிடப் போகிறேன் என்று. அச்சிலும் வந்துவிட்டது. பெட்டை மலர் படிக்காது என்ற தைரியம்.

அதே கட்டுரையில் அந்த ஆணின் படமும் இருக்கிறது. வெளிறிய வாலில் மை தெறித்த மாதிரிக் கறுப்புப் புள்ளிகள். அதற்குக் கீழே ‘எண்ணூர் சாம்பல் ஒட்டிய கறை’ என்று போட்டிருக்கிறாய். எண்ணூர் மேல் எவ்வளவோ பழி போடலாம், இது மட்டும் அதன் வேலை இல்லை. சோப்பு போட்டுத் தேய்த்துப் பார், போகாது. அவன் உள்ளே வைத்திருக்கும் ப்ளூ கசிந்து வெளியே தெரிகிறது.

கணக்கு சின்னதுதான். புறாவில் ஆணுக்கு இசட் குரோமோசோம் இரண்டு, பெட்டைக்கு ஒன்று. ரெட்டா ப்ளூவா பிரவுனா என்று முடிவு செய்யும் ஜீன் அந்த இசட் மேல் உட்கார்ந்திருக்கிறது. (அது டிஒய்ஆர்பி1 என்று 2014-ல் அமெரிக்காவின் உட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷபிரோவின் குழு கண்டுபிடித்துச் சொன்னது. பெயர் தெரியாமலே பழைய ஆட்கள் கணக்கைச் சரியாகப் போட்டார்கள்.) ரெட் ப்ளூவை மறைத்துவிடும். அதனால் ஒரு ரெட், ஒரு ப்ளூ வைத்திருக்கும் ஆண் பார்வைக்கு ரெட்டாகவே திரிவான். அந்த மைத்துளிகள்தான் அவனைக் காட்டிக்கொடுக்கும். பெட்டைக்கு ஒளித்துவைக்க இடமே கிடையாது. இருப்பது ஒரு இசட், அதில் உள்ளதுதான் உடம்பில் தெரிவது. அதையும் அவள் மகனுக்குத்தான் தருவாள். மகளுக்கு இசட் வருவது அப்பனிடமிருந்து மட்டும். ஆக, மகள் ப்ளூவாகப் பிறந்தால் அந்த ப்ளூவில் தாய்க்குக் காலணா பங்கு இல்லை. செக்கர் போய் பார் வந்தது வேறு ஜீன்: செக்கருக்குப் பின்னால் பார் ஒளிந்திருக்கும், தாய் தகப்பன் இருவரிடமும் ஒளிந்திருந்தால் நாலில் ஒன்று பாராக வரும்.

பெட்டைக்கு மெரினாவில் கண்ணகி பக்கத்தில் சிலை வைக்கச் சொல்லவில்லை. புறாக்களும் சில சமயம் வேலி தாண்டும். ஆனால் ஜோடி ஆணே ப்ளூவைச் சுமக்கும்போது தெருவில் போய் ஆள் தேட வேண்டாம். பந்தயம் வைக்கிறேன், அந்த ப்ளூ பார் குஞ்சு பெட்டையாகத்தான் வளரும். ஆணாக வளர்ந்துவிட்டால் என்ன அர்த்தம் தெரியுமா? இவள் தன் ரெட்டை ஒவ்வொரு மகனுக்கும் கொடுத்தே ஆக வேண்டும். அப்பன் எவனாக இருந்தாலும் இவளுக்கு ப்ளூ மகன் பிறக்க வழியில்லை. அப்படியானால் அந்த முட்டையே இவளுடையது இல்லை. கூட்டுக்குக் கூடு முட்டை மாற்றிவைத்தது பெட்டையா, நீயா?

இதில்தான் எனக்கு உன் மேல் கோபம் அதிகம். உன் நோட்டின் ஒரு பக்கத்தை மலரில் போட்டிருக்கிறாயே, ரிங் நம்பர், நிறம், தாய், தகப்பன், பொரித்த நாள், பறந்த தூரம், எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டியிருக்கிறாய். எந்தக் கூட்டில், யார் பால் ஊட்டி வளர்த்தது என்பதற்குக் கட்டம் இல்லை. விலை உயர்ந்த ஜோடி சீக்கிரம் மறுமுட்டை இடட்டும் என்று முட்டையை எடுத்து சாதாப் புறாவுக்கு அடைவைக்கிறோம், எல்லாரும் செய்வதுதான். அது முட்டையோடு முடிந்துவிடுகிற காரியம் என்று நினைக்கிறாய்.

இரண்டாவது இடம் அதுதான். வெள்ளை ஆணை வெள்ளைப் பெட்டையோடு பதினோரு நாள் அடைத்தும் அது திரும்பிப் பார்க்கவில்லை, கறுப்புக் கர்ணப் புறாப் பின்னால் தொண்டையை உப்பிக்கொண்டு குமுறுகிறது, ‘ரத்தம் கெட்டது’ என்கிறாய். அடுத்த பத்தியில் நீயே போகிற போக்கில் சொல்கிறாய், அது பொரித்த வருடம் வெள்ளை ஜோடியின் முட்டைகளைக் கறுப்புக் கர்ணப் புறா ஜோடிக்கு வைத்தேன் என்று. இரண்டு பத்திக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. முடிச்சுப் போடவில்லையே, தம்பி!

எனக்கு இதைக் காட்டியவர் காசிமேட்டில் படகு கட்டுகிற தச்சர். எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் உளியைத் துடைத்து வைத்துவிட்டு எங்களைக் கூண்டு முன்னால் உட்காரவைப்பார். ஒரு ஆணைப் பத்துப் பன்னிரண்டு பெட்டைகள் நடுவே விட்டு, அது முதலில் யாரைச் சுற்றுகிறது என்று பார்க்கச் சொல்வார். பார்த்துவிட்டு, “பால் குடுத்தவ நெறத்த தேடுது பார்” என்பார். தச்சர் போன பிறகுதான் படித்தேன், 1963-ல் வாரினர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் கறுப்பு வெள்ளைப் புறாக் குஞ்சுகளைக் கூடு மாற்றி வளர்த்து இதையே சோதித்திருக்கிறார்கள். ஆண்கள் பெரும்பாலும் தங்களை வளர்த்த ஜோடியின் நிறத்தையே தேடின. பெட்டைகளிடம் அந்தப் பிடிவாதம் அவ்வளவாகத் தெரியவில்லை. இறகின் நிறம் முட்டையோடு வருகிறது, துணையின் நிறம் கூட்டில் படிகிறது. இரண்டையும் ஒரே ‘ரத்தம்’ என்ற சொல்லில் போட்டுக் கலக்கிவிட்டாய்.

எனக்கு இந்த ‘ரத்தம்’ என்ற சொல்லே ஆகாது. ரத்தம் என்றால் பாலும் டிகாஷனும் மாதிரிக் கலந்துவிடும் என்று தோன்றிவிடுகிறது. டார்வின் லண்டனில் இரண்டு புறா கிளப்பில் சேர்ந்து நம்மைப் போலவே கூண்டோடு கிடந்தவர். வெள்ளை விசிறிவாலையும் கறுப்பு ‘பார்ப்’ (barb) இனப் புறாவையும் சேர்த்தார், பேரன் பேத்தியில் ஒன்று கோடு போட்ட சிறகோடு சுத்தமான ப்ளூவாக வந்து நின்றது. கலந்து காணாமல் போயிருந்தால் அது எங்கிருந்து வந்தது? அவருக்குப் புறாத் தோல்கள் அனுப்பியவர்களில் நம் மதராஸ் அரசாங்கத்தில் இருந்த வால்டர் எலியட்டும் ஒருவர். (பெசன்ட் நகர் பீச்சுக்குப் பெயர் கொடுத்த எலியட் வேறு.) நம் ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது 1856, ஏறக்குறைய அதே காலம். துறைமுகம் கட்டாத நாள், அந்தப் பார்சல் மசூலாப் படகில் அலை தாண்டித்தான் கப்பல் ஏறியிருக்கும். சுத்த ரத்தம் என்று நீ பெருமைப்படும் செக்கர் கோலத்தைப் பற்றி 2018-ல் ஷபிரோ ஆட்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? அது ஆப்பிரிக்காவின் புள்ளிப் புறா என்ற வேறு இனத்தோடு எப்போதோ கலந்து வந்ததாம்.

உன்னைத் திட்டுகிறேனே, 1981-ல் நானும் இதையே செய்தேன். ரெட் ஜோடிக்கு ஒரு ப்ளூ. பெட்டையைப் பொன்னேரிக்காரர் ஒருவருக்கு நாற்பது ரூபாய்க்கு விற்றேன். நான்காம் நாள் என் மாடியில் நின்றது. அவர் சைக்கிளில் வந்து வாங்கிப் போனார். மறுபடியும் வந்தது, மறுபடியும் சைக்கிள். மூன்றாம் தடவை வந்தபோது அவர் வரவில்லை. நானும் சொல்லி அனுப்பவில்லை. அந்த நாற்பது ரூபாய் இன்னும் என் கணக்கில் இருக்கிறது. ஆறு வருடம் குஞ்சு கொடுத்தாள், ஓங்கோல் பந்தயத்தில் முதலில் வந்த இரண்டும் அவள் வயிற்றில் பிறந்ததுதான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். காலை பத்து மணி வாக்கில் ஆண் வந்து பெட்டையை எழுப்பிவிட்டு முட்டை மேல் உட்காருவதையும், சாயங்காலம் அவள் திரும்பி வந்து இரவுக் காவல் ஏற்பதையும், உங்கப்பாவின் ஷிப்டோடு சேர்த்து எழுதியிருக்கிறாயே, அந்த அரைப் பக்கம் நாற்பது வருடத்தில் எந்தக் கிளப் மலரிலும் வந்ததில்லை. வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உங்க பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிராட்வே போகாதே, இங்கே வா. அந்தப் பெட்டையையும் ப்ளூ பார் குஞ்சையும் நோட்டையும் எடுத்து வா. வெள்ளை ஆணையும் கூடையில் போட்டுக்கொண்டு வா, என்னிடம் கறுப்புப் பெட்டை இரண்டு சும்மாதான் இருக்கின்றன.

இப்படிக்கு,
உன் பெரியப்பா