வளவுக்குள் ஓடிய கோடு

செட்டிநாட்டின் கானாடுகாத்தானில் விடியற்காலை ஓடி முடித்துப் போனில் வரைபடத்தைத் திறந்தால் சிரிப்பு வரும். நான் தெருவை விட்டு இறங்கியிருக்க மாட்டேன். ஜிபிஎஸ் வாட்ச் வரைந்த கோடோ ஒரு வீட்டின் முகப்பில் ஏறி, வளவைக் கடந்து, இரண்டாங்கட்டு வழியாகப் பின் தெருவில் இறங்கியிருக்கும். ஆச்சிமார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்!

பழி வாட்சுக்கு மட்டும் உரியதல்ல. அது நாம் ஓடிய தூரத்தை அளப்பதே இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரமானது என்று கணக்கிட்டு, 'இப்போது இங்கே இருக்கிறார்' என்று ஒரு புள்ளி வைக்கிறது. பிறகு புள்ளிகளைக் கோத்துத் தூரம் சொல்கிறது. நேரக் கணக்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் பிசகும். சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால், சுற்றி வந்த தூரமும் கணக்கில் ஏறிவிடும்.

செட்டிநாட்டு வீடுகள் முன் தெருவில் தொடங்கிப் பின் தெருவில் முடிபவை. இரண்டு வீடுகளுக்கு நடுவே போகும் சந்தில் இருபுறமும் நெடுக உயர்ந்த சுவர்தான். இடமும் வலமும் தாழ்வாக இருக்கும் செயற்கைக்கோள்கள் மறைந்துவிடும். தலைக்கு மேலும் முன்னும் பின்னும் இருப்பவைதான் மிஞ்சும். அதனால் சந்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை வாட்ச் ஓரளவு சரியாகச் சொல்லும். இடது ஓரமா வலது ஓரமா என்பதில்தான் தடுமாறும். கோடு பக்கவாட்டில் நெளிந்து வீட்டுக்குள் புகுவது இதனால்தான். நெளிவு கூடக் கூடத் தூரமும் கூடும்.

ஊரணிக் கரையைச் சுற்றினால் நேர் எதிர். வானம் திறந்திருக்கும், சிக்னலுக்குக் குறைவில்லை. ஆனால் சதுர ஊரணியின் மூலையில் சட்டென்று திரும்பும்போது, புள்ளிகளை வழுவழுப்பாக்கும் மென்பொருள் மூலையை வெட்டிவிடும். சுற்றுக்குச் சில மீட்டர் காணாமல் போகும். சந்தில் ஓடினால் நீட்டும், ஊரணியைச் சுற்றினால் குறைக்கும் என்பது தெரிந்தபின், என் வாராந்திர நீண்ட ஓட்டத்தைத் திருச்சி–ராமேஸ்வரம் சாலைப் பக்கம் மாற்றிக்கொண்டேன். நேர்ச் சாலை, திறந்த வானம். லாரிகளுக்கு எதிர்முகமாக, ஓரமாக ஓட வேண்டும், அவ்வளவுதான்.

கூட ஓடும் தம்பி ஒருவர் ஒருநாள், "அண்ணே, ஒங்க வாட்ச் 10.3 காட்டுது, என்னுது 10.1 காட்டுது. எது சரி?" என்றார். "ரெண்டும் கிட்டத்தட்டதான்பா" என்றேன். திறந்த வெளியிலேயே ஒரு புள்ளிக்கு மூன்று, நான்கு மீட்டர் பிழை இயல்பு. இரண்டு, மூன்று சதவீத வித்தியாசத்துக்கு வாட்சை மாற்ற வேண்டியதில்லை.

நொடிக்கு நொடி திரையில் ஓடும் வேகத்தை நான் பார்ப்பதே இல்லை. ஒரு கணம் கிலோமீட்டருக்கு 5:10 நிமிடம், அடுத்த கணம் 6:20 என்று அது குதிக்கும். அதைத் துரத்தினால் மூச்சுதான் வாங்கும். ஒரு கிலோமீட்டரின் சராசரி வேகம் நம்பத்தக்கது. வேகப் பயிற்சிக்கு 400 மீட்டர் ஓடுதளமும் கையால் அழுத்தும் லேப் பொத்தானும் போதும். ஆனால் 400 என்பது உள்பக்கத்து முதல் தடத்துக்கு மட்டுமே. தடத்தின் அகலம் 1.22 மீட்டர் என்பதால், ஒவ்வொரு தடம் வெளியே போகும்போதும் சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடும். நான்காவது தடத்தில் ஒரு சுற்று ஏறத்தாழ 422 மீட்டர். இதை மறந்து வாட்சைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

போட்டிகளிலும் இதே சண்டை. 42.195 கிலோமீட்டர் மாரத்தானில் பலருடைய வாட்ச் 42.6 காட்டும். முறையான போட்டியின் பாதையை, 1971 முதல் புழக்கத்தில் உள்ள, சுற்றுகளை எண்ணும் ஜோன்ஸ் கவுண்டரைச் சைக்கிள் சக்கரத்தில் பொருத்தி, வளைவுகளின் உள்ஓரத்தை ஒட்டிக் குறுகிய வழியில் அளப்பார்கள். குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது மாரத்தானுக்கு 42 மீட்டர், கூட்டியும் வைப்பார்கள். கூட்டத்தில் விலகி விலகி ஓடும் நாம் அதைவிட அதிகம்தான் ஓடுகிறோம். நம்மூரில் 5 கிலோமீட்டர் ஓட்டத்தைக்கூட மாரத்தான் என்று பேனர் கட்டுகிறார்கள். அங்கே பாதையை யார், எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை இரண்டுதான், அவற்றைத்தான் யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. அது வந்துசேரும் முன்பே வாசலில் நின்றபடி பொத்தானை அழுத்தி ஓடத் தொடங்கினால், முதல் கிலோமீட்டர் கோணலாகும். வீட்டிலேயே போனோடு சிங்க் செய்துவிட்டால் அந்த விவரம் முன்கூட்டியே வாட்சுக்கு வந்துவிடும். பிறகு ஊரணிக் கரை மாதிரித் திறந்த இடத்தில் நின்று, சிக்னல் கிடைத்ததும் இன்னும் ஒரு நிமிடம் பொறுத்துப் புறப்படலாம்.

மாலையில் ஓடுபவர்களுக்கு ஒரு சங்கதி. நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து ஏவிய முதல் ஆய்வு ராக்கெட் தும்பா ஏவுதளத்திலிருந்து கிளம்பியதற்கும் அந்தக் கோடுதான் காரணம். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும்பிச் சிக்னலை மினுங்க வைக்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கூடுதலாக. எல்லா இரவும் இது நடக்காது. விடியலில் ஓடுபவருக்குக் கவலையே இல்லை.

புது வாட்ச் வாங்குபவர்கள் எல்1, எல்5 என இரண்டு அலைவரிசையும் பிடிக்கிறதா என்று பாருங்கள். அயனி மண்டலத்தின் தாமதத்தை இரண்டையும் ஒப்பிட்டுக் கழித்துவிடலாம். சுவர் எதிரொலியையும் எல்5 நன்றாகப் பிரித்தறியும். பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால், நான் அதைச் சந்துகளில் ஓடும் நாளில் மட்டும் போடுகிறேன். நம் நாட்டின் செயற்கைக்கோள் தொகுதியான நாவிக்கில் எல்1 சிக்னல் 2023 மே 29 அன்று ஏவிய என்விஎஸ்-01 முதல்தான் வந்தது. மலிவு விலை வாட்சுகளின் பெட்டியில் 'கனெக்டட் ஜிபிஎஸ்' என்று போட்டிருந்தால், அதனுள் ஜிபிஎஸ் கிடையாது. போனைக் கையில் கட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும்.