கையை விட்டால் பிரேக்! தீம் பார்க்கில் மொபிலிட்டி ஸ்கூட்டர் ஓட்டும் முறை

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் பலர், ஒரு முறையாவது ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவுக்குச் சென்று வருகின்றனர். அங்குதான் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் உள்ளது. 1971-ல் மேஜிக் கிங்டம் என்ற ஒரே பூங்காவுடன் தொடங்கிய இந்த இடத்தில் இப்போது நான்கு தீம் பார்க்குகள் உள்ளன. அவற்றில் ஒன்றான எப்காட்டில் 11 நாடுகளின் அரங்குகள் ஓர் ஏரியைச் சுற்றி அமைந்துள்ளன. அந்த ஒரு சுற்று மட்டுமே சுமார் 2 கிலோமீட்டர். மூட்டு வலி உள்ளவர்கள் இரண்டு அரங்கு பார்த்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். "நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்" என்பார்கள்.

இவர்களுக்காகவே மொபிலிட்டி ஸ்கூட்டர் என்னும் பேட்டரி வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. என் அம்மாவுக்கு வயது 59, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். 2024 ஜூனில் அவருக்காக ஒன்றை எடுத்தேன். வண்டியை ஹோட்டலில் இறக்கியவர் சாவியைக் கொடுத்து, "ரொம்ப சுலபம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நானும் அப்படியே நம்பினேன். ஐந்தாவது நிமிடம் அம்மா ஹோட்டல் வாசலில் இருந்த பூந்தொட்டியில் மோதினார். அடி எதுவும் படவில்லை. ஆனால் அந்தத் தொட்டி இருந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால்? முதல் முறை ஓட்டுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

மொபிலிட்டி ஸ்கூட்டர் என்றால் என்ன?

இது மூன்று அல்லது நான்கு சக்கரம், ஒரு இருக்கை, முன்னால் ஒரு ஹேண்டில் கொண்ட சிறிய மின்வண்டி. நடக்கவே இயலாதவர்களுக்கு மட்டுமானது அல்ல. கொஞ்ச தூரம் நடக்க முடியும், அதிக தூரம் முடியாது என்பவர்களுக்கு மிகவும் ஏற்றது. 1968-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த பிளம்பர் ஆலன் தீம், நரம்பு நோயால் பாதிக்கப்பட்ட தன் குடும்பத்தினர் ஒருவருக்காக உருவாக்கிய அமிகோ என்ற வண்டி இவ்வகையில் முன்னோடி. டிஸ்னி பூங்காக்களில் இதனை இ.சி.வி. என்கிறார்கள். அங்கு கேட்கும்போது இந்தப் பெயரையே பயன்படுத்துங்கள்.

பூங்காவின் உள்ளேயே வாடகைக்கு எடுக்கலாம். முதலில் வருபவர்களுக்கே கிடைக்கும், பூங்காவுக்கு வெளியே கொண்டு போக முடியாது. வெளி நிறுவனங்களிடம் எடுத்தால் வண்டி ஹோட்டலிலேயே உங்களுடன் இருக்கும். முந்தைய நாளே ஓட்டிப் பழகலாம் என்பதால் முதல் முறை ஓட்டுபவர்களுக்கு இரண்டாவது வழியே நல்லது. பூங்காவில் எடுக்கும் வண்டியை ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். வண்டியில் ஒருவர் மட்டுமே அமர வேண்டும். பேரக்குழந்தையை மடியில் வைத்து ஓட்டக் கூடாது.

பூந்தொட்டியில் மோதியது ஏன்?

அம்மா பள்ளி ஆசிரியை. ஊரில் பதினைந்து வருடம் ஸ்கூட்டியில் பள்ளிக்குப் போய் வந்தவர். அதுதான் சிக்கலே. நம் ஊர் ஸ்கூட்டியில் வலது கை லீவர் முன் பிரேக். ஆபத்து என்றால் விரல்கள் தானாக அதை இறுக்கிப் பிடிக்கும். நாங்கள் எடுத்த மொபிலிட்டி ஸ்கூட்டரிலும் வலது கைப்பிடி அருகே அதே போன்ற லீவர் இருந்தது. ஆனால் அது பிரேக் அல்ல, ஆக்சிலரேட்டர்! இழுத்தால் வண்டி முன்னே போகும், இன்னும் இழுத்தால் இன்னும் வேகமாகப் போகும். தொட்டியைப் பார்த்துப் பயந்த அம்மா, நிறுத்துவதற்காக லீவரை முழுவதுமாக இறுக்கினார். வண்டி முழு வேகத்தில் பாய்ந்தது. நான் வேறு பக்கத்தில் நின்று "பிரேக் பிடிம்மா, பிரேக் பிடி!" என்று கத்தினேன். அவர் அதைத்தானே செய்துகொண்டிருந்தார்!

எனவே முதல் பாடம் இதுதான். இந்த வண்டியில் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. கையை விட வேண்டும். சில பெரிய மாடல்களில் தனியாகக் கைப்பிரேக் உண்டு. வாடகைக்கு வரும் சிறிய மாடல்களில் பெரும்பாலும் இருக்காது.

உள்ளே என்ன நடக்கிறது?

லீவரின் அடியில் பழைய ரேடியோவின் வால்யூம் குமிழில் இருப்பது போன்ற பொட்டென்ஷியோமீட்டர் உள்ளது. லீவர் எவ்வளவு நகர்ந்தது என்பதை அது மின்னழுத்தமாக மாற்றி கன்ட்ரோலருக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் கேம் விளையாடும் ஜாய்ஸ்டிக் வேலை செய்வதும் இப்படித்தான். கன்ட்ரோலர் என்பது சிப் பொருத்திய சிறிய சர்க்யூட் போர்டு. பேட்டரியின் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை விட்டு விட்டு மோட்டாருக்குக் கொடுத்து அது வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது.

கையை எடுத்ததும் ஒரு ஸ்பிரிங் லீவரை நடு நிலைக்குக் கொண்டுவரும். உடனே கன்ட்ரோலர் மோட்டாரை ஜெனரேட்டர் போல இயங்கவைத்து வேகத்தைக் குறைக்கும். வண்டி நின்றதும் மின்காந்த பிரேக் விழும். இந்த பிரேக் சற்று விசித்திரமானது. மின்சாரம் இருக்கும்போது காந்தம் பிரேக்கை விலக்கி வைக்கிறது. மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் அதை இறுக்கிவிடுகிறது. அதனால் பேட்டரி தீர்ந்தாலும், வயர் அறுந்தாலும் வண்டி உருண்டு ஓடாமல் நிற்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கையை விட்ட அதே இடத்தில் வண்டி நிற்காது. முழு வேகத்தில் ஒரு மீட்டருக்கு மேல் ஓடியே நிற்கும். கூட்டத்தில் அந்த இடைவெளி எப்போதும் உங்கள் முன் இருக்க வேண்டும்.

பழகும் முறை

தொட்டி சம்பவத்துக்குப் பிறகு அம்மா வண்டியில் ஏற மறுத்துவிட்டார். "நோயாளி மாதிரி என்னை உக்கார வச்சுட்டே. ஊர்ல யாராவது போட்டோவைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்றார். நான் நெட்டில் அந்த மாடலின் மேனுவலைத் தேடிப் படித்தேன். மாலையில் காலியான கார் நிறுத்துமிடத்தில் நானே முதலில் ஓட்டினேன். திருப்பத்தில் நடைபாதை விளிம்பில் நான் இடித்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரே ஏறினார். நாங்கள் பின்பற்றிய வரிசை இது:

1. சாவி போடும் முன் இருக்கை சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று அசைத்துப் பார்க்கவும். பல மாடல்களில் இருக்கை பக்கவாட்டில் திரும்பும். ஏறி இறங்கும்போது சாவியை அணைத்துவிடவும். ஹேண்டிலைப் பிடித்து எழும்போது விரல் லீவரில் பட்டால் வண்டி நகர்ந்துவிடும்.

2. வேகக் குமிழை ஆமை படத்தின் பக்கம் வைக்கவும். எதிர்ப் பக்கம் முயல் படம் இருக்கும். முதல் நாள் முயல் பக்கமே போக வேண்டாம்.

3. எந்த லீவர் முன்னே, எது பின்னே என்று பார்க்கவும். பெரும்பாலான வண்டிகளில் வலது பக்கம் முன்னே, இடது பக்கம் பின்னே. பின்னால் போகும்போது "பீப்" ஒலி வரும்.

4. பத்தடி ஓட்டவும், விரல்களை முழுவதுமாக விரிக்கவும். இதை இருபது முறை செய்யவும். மற்றொருவர் எதிர்பாராத நேரத்தில் "விடு" என்று குரல் கொடுக்க வேண்டும். "பிரேக்" என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டாம்.

5. தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்து வளைந்து ஓட்டவும். மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் திரும்பும், ஆனால் வேகமாகத் திருப்பினால் சாயும். நான்கு சக்கர வண்டி நிலையானது, ஆனால் திரும்ப அதிக இடம் வேண்டும். எதுவானாலும் வேகத்தைக் குறைத்த பிறகே திருப்பவும்.

6. சரிவுப் பாதையில் நேராக ஏறி நேராக இறங்கவும். குறுக்காகப் போனால் கவிழ வாய்ப்புண்டு. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்ட விதிகளின்படி கட்டிய சரிவுப் பாதை 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் உயரக் கூடாது. இந்தச் சாய்வை வண்டிகள் எளிதில் ஏறும்.

7. புடவை, துப்பட்டா அணிபவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளவும். பின் சக்கரம் இருக்கைக்கு மிக அருகில் உள்ளது.

பேட்டரி கணக்கு

எங்கள் வண்டியில் 12 வோல்ட், 12 ஆம்பியர்-அவர் கொண்ட இரண்டு லெட் ஆசிட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. அதாவது 24 வோல்ட். 24-ஐ 12-ஆல் பெருக்கினால் 288 வாட்-அவர். ஒரு லேப்டாப் பேட்டரியைப் போல ஐந்தாறு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். சுமார் 13 கிலோமீட்டர் ஓடும் என்று மேனுவலில் இருந்தது. ஆனால் பேட்டரியின் வயது, ஓட்டுபவரின் எடை, ஏற்றம், அடிக்கடி நின்று கிளம்புவது எல்லாம் இதைக் குறைக்கும். முக்கால் பங்கை மட்டுமே நம்பித் திட்டமிடுங்கள்.

பேட்டரி அளவைக் காட்டும் முள்ளையும் பார்க்கத் தெரிய வேண்டும். ஏற்றத்தில் மோட்டார் அதிக மின்சாரம் இழுப்பதால் முள் சட்டென்று இறங்கும். நின்றால் மறுபடி ஏறும். இரண்டையும் நம்ப வேண்டாம். சமதளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது காட்டுவதே உண்மை அளவு. இரவு முழுக்க சார்ஜரில் போட்டுவிடுங்கள். காலையில் சார்ஜர் வயரை எடுக்க மறக்காதீர்கள். அது செருகியிருந்தால் பல வண்டிகள் நகரவே நகராது.

பூங்காவுக்குள்

முதலில் டிஸ்னியின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடின் பக்கத்தையும் பாருங்கள். சில அரங்குகளில் ஸ்கூட்டரிலேயே அமர்ந்து பார்க்கலாம். மேஜிக் கிங்டமில் உள்ள மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக் அத்தகையது. சிலவற்றில் ஸ்கூட்டரிலிருந்து சாதாரண சக்கர நாற்காலிக்கு மாற வேண்டும். இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட் படகும், அனிமல் கிங்டமில் உள்ள கிளிமாஞ்சாரோ சஃபாரியும் இந்த வகை. வேறு சிலவற்றில் ரைடின் இருக்கைக்கே மாற வேண்டும். ஊழியர்கள் யாரையும் தூக்கி உட்காரவைக்க மாட்டார்கள். தானாகவோ குடும்பத்தினர் உதவியுடனோ மாற முடியுமா என்று முன்பே முடிவு செய்யுங்கள். ஸ்கூட்டர் இருந்தால் வரிசையை முந்தலாம் என்றும் எண்ண வேண்டாம். பல வரிசைகள் ஸ்கூட்டர் போகும் அகலத்திலேயே உள்ளன. எல்லோருடனும் சேர்ந்துதான் காத்திருக்க வேண்டும்.

மேஜிக் கிங்டமின் மெயின் ஸ்ட்ரீட்டில் குதிரை வண்டிக்கான தண்டவாளம் தரையில் பதிந்துள்ளது. சிறிய முன் சக்கரம் அதில் மாட்டிக்கொள்ளலாம். செங்குத்தாகக் கடக்கவும்.

கூட்டத்தில் குடும்பத்தினர் ஒருவர் வண்டிக்கு இரண்டு அடி முன்னால் நடப்பது நல்லது. செல்போனைப் பார்த்துக்கொண்டே குறுக்கே வருபவர்கள் அதிகம். உட்கார்ந்திருப்பவர் அவர்கள் கண்ணில் படுவதில்லை.

நிறுத்தும் இடத்தில் ஒரே மாதிரி இருபது வண்டிகள் நிற்கும். ஒரே மாடல் வண்டிகளுக்குச் சாவியும் பெரும்பாலும் ஒன்றேதான். அடுத்தவர் வண்டியையும் அது திறந்துவிடும். எனவே ஓர் அடையாளம் தேவை. அம்மா மஞ்சள் ரவிக்கைத் துணி ஒன்றைக் கைப்பிடியில் கட்டினார். கோடையில் ஃபுளோரிடாவில் பிற்பகல் மழை அடிக்கடி வரும். ஒரு பெரிய பாலிதீன் உறையால் ஹேண்டில் பகுதியையும் இருக்கையையும் மூடுங்கள்.

வண்டி நகரவில்லையா?

கம்ப்யூட்டர் பூட் ஆகாதபோது பயாஸ் "பீப்" ஒலி எழுப்பிக் கோளாறைச் சொல்வது போல, பல ஸ்கூட்டர்களில் ஒரு விளக்கு இத்தனை முறை என்று மின்னிக் கோளாறைச் சொல்லும். எத்தனை மின்னலுக்கு என்ன பொருள் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மேனுவலில் அட்டவணை இருக்கும். அதற்கு முன் இவற்றைப் பாருங்கள்:

1. சாவி போடும்போது லீவரை அழுத்தியிருந்தீர்களா? பாதுகாப்புக்காக கன்ட்ரோலர் பூட்டிக்கொள்ளும். அணைத்து, கையை எடுத்து, மீண்டும் போடவும்.

2. பின்புறம் உள்ள ஃப்ரீவீல் லீவர் மாறியுள்ளதா? வண்டியைக் கையால் தள்ளுவதற்காக மோட்டாரையும் பிரேக்கையும் விடுவிக்கும் லீவர் இது. யாராவது வண்டியில் அமர்ந்திருக்கும்போது சரிவில் இதைத் தொடவே கூடாது. அந்த நிலையில் பிரேக் கிடையாது.

3. சார்ஜர் செருகியிருக்கிறதா? பேட்டரி கழன்றுள்ளதா?

எப்காட்டில் ஜப்பான் அரங்கின் அருகே ஒரு சிறுவன் ஓடிவந்து வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டான். நான் வாயைத் திறக்கும் முன்பே அம்மாவின் பத்து விரல்களும் விரிந்திருந்தன. ஓர் அடி இடைவெளியில் வண்டி நின்றது. சிறுவனின் அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று 11 நாடுகளையும் பார்த்து முடித்த பிறகும் அம்மா பெஞ்சைத் தேடவில்லை. இரவு சார்ஜரை அவரே செருகினார். "போட்டோ எடுத்தியே, அதைச் சித்திக்கு அனுப்பிடு" என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் செல்லும் முன் ஒரு மாலை நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். வேறெதற்கு நேரம் இல்லாவிட்டாலும் நான்காவது பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.