துயிலுமுன் அடையும் இளைப்பாறல்

1857ஆம் ஆண்டிற் பொன்னம்பல முதலியார் தாபிக்க, அவர் மைந்தர் சேர். பொன். இராமநாதன் கருங்கற்றிருப்பணி செய்த கொழும்புப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்கு ஓரிரவு மனம் நொந்து சென்றேன். அன்று பகல் மாணவனொருவனைக் காரணமின்றிக் கடிந்திருந்தேன். அர்த்தசாமப் பூசையிலே, “நாளை என் பிழையை அவனிடமே சொல்வேன்” எனத் திருமுன் விண்ணப்பித்தேன். அதன்பின்னரே துயில் வந்தது.

அழித்தற்றொழில் கொடுமையோ? அன்று. பிறவியிற் களைத்த உயிர்களை இளைப்பாற்றும் அருளே அஃதென்பது சிவஞானசித்தியார் துணிபு. நாடோறும் வருந் துயில் அவ்விளைப்பாறலின் சிறு சாயல். பகலைத் தந்தவனே இரவையுந் தருகின்றான்.

ஆதலால், படுக்குமுன் திருநீறணிந்து ஐந்தெழுத்தை ஓதுக. செய்த பிழையை மறையாது சொல்லுக. திருத்தத் தக்கதைத் திருத்தத் துணிக. எஞ்சியவற்றை அவன் கருணையில் விடுத்துத் துயில்க.