ஆட்டின் இதயம் சொல்லித்தரும் பாடம்

இதயம் என்றதும் நம் பிள்ளைகளின் மனத்தில் எழுவது பாடப்புத்தகத்தில் சிவப்பும் நீலமுமாக அச்சிட்ட படம்தான். அதைப் பார்த்து வரைந்து, பெயர்களைக் குறித்து, மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் இடப்பக்கச் சுவர் ஏன் அவ்வளவு தடிமன், வால்வில் ஏன் நூல் கட்டியிருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள்.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பம்புகளோடும் வால்வுகளோடும் காலம் தள்ளியவன். கொல்கத்தாவில் என் பேத்தியின் பள்ளியில் ஆட்டின் இதயத்தை அறுத்துக் காட்டியபோது நானும் உடன் நின்று பார்த்தேன். பார்த்ததை எனக்குத் தெரிந்த பம்ப் பாஷையில் எழுதுகிறேன்.

அந்நாளில் உயிரியல் எடுத்தவர்கள் மெழுகுத் தட்டில் தவளையைக் குத்திவைத்து அறுத்தார்கள். இன்று அந்த வழக்கம் போய்விட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் கல்லூரிகளிலும் விலங்குகளை அறுக்கும் பயிற்சியை நிறுத்தச் சொல்லிவிட்டது. ஆட்டின் இதயம் கறிக்கடையில் வாங்குவது. பாடத்துக்காகக் கொன்றது அல்ல. அப்படியும் தொட மனம் வராத பிள்ளைகள் சைவ வீடுகளிலும் உண்டு, அசைவ வீடுகளிலும் உண்டு. அவர்களைக் கேலி செய்யக்கூடாது. பிளாஸ்டிக் மாதிரியை வைத்தும் இந்தப் பாடத்தின் பெரும்பகுதியைப் படிக்கலாம்.

வெளிப்புறம்

வாங்கும்போதே, இதயத்தைக் கீறாமல், மேலே உள்ள குழாய்களை ஒட்ட நறுக்காமல் தரும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குழாய் போய்விட்டால் பாதிப் பாடம் போயிற்று.

முதலில் இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பது இடது கீழறை. தளர்வாக இருப்பது வலது கீழறை. இடது வலது என்பது ஆட்டின் இடது வலது. நம்மைப் பார்த்து நிற்பவரின் இடக்கை நமக்கு வலப்பக்கம் தெரிவதுபோலத்தான் இதுவும்.

தண்ணீர்ச் சோதனை

அறுக்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். இதயத்தை நிமிர்த்திப் பிடித்து, 'அயோர்ட்டா' எனும் பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கும். மேலிருந்து பார்த்தால் பிறை வடிவான மூன்று சிறு பைகள் ஒன்றோடொன்று உதடு சேர்த்து மூடியிருப்பது தெரியும்.

நீராவி எஞ்சினில் பாய்லருக்குத் தண்ணீர் போகும் வழியில் கிளாக் வால்வு என்று ஒன்று இருக்கும். உள்ளே போகும் தண்ணீருக்கு அது வழிவிடும். பாய்லர் அழுத்தம் திரும்பித் தள்ளினால் தானே மூடிக்கொள்ளும். இந்த மூன்று பைகளுக்கும் அதே வேலைதான். நம் உடம்பில் இவை நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன.

உட்புறம்

இனி நுனியிலிருந்து மேல்நோக்கி இரண்டு கீழறைகளையும் அறுத்துத் திறக்கலாம். இடச்சுவர் வலச்சுவரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். இடப்பக்கம்தான் அதிக இரத்தம் அனுப்புகிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அது சரியல்ல. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த பம்புகள். ஒன்று அனுப்பும் அளவையே மற்றதும் அனுப்பியாக வேண்டும். வித்தியாசம் அழுத்தத்தில்தான். மனிதரில் வலது பம்ப் அருகிலுள்ள நுரையீரலுக்கு 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தள்ளினால் போதும். இடது பம்ப் உடல் முழுவதற்கும் 120-ல் தள்ள வேண்டும். இடது பம்ப் தளர்ந்தால் இரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சு வாங்குவது இதனால்தான்.

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள வால்வின் இதழ்களில் வெள்ளை நூல்கள் தொங்குவதைப் பாருங்கள். கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேல்பக்கம் மடங்கிவிடாமல் இழுத்துப் பிடிப்பவை இவை. மெல்ல இழுத்துப் பாருங்கள், எளிதில் அறாது.

ஒரு பெருக்கல் கணக்கு

இதயச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இரத்தம் வலமிருந்து இடம் போகிறது என்று கிரேக்க மருத்துவர் காலன் சொன்னதை உலகம் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் நம்பியது. ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் அதை மறுத்தார். அவருக்குக் கைகொடுத்தது அறுவை மட்டுமல்ல, கணக்கும்தான்.

இன்றைய அளவில் அந்தக் கணக்கைப் போடுவோம். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 70 துடிப்பு. பெருக்கினால் ஏறக்குறைய 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான்! சாப்பாட்டிலிருந்து நிமிடத்துக்கு 5 லிட்டர் புது இரத்தம் ஊற முடியுமா? ஆகவே போன இரத்தமே திரும்பி வர வேண்டும். அது திரும்பும் நுண்குழாய்களை 1661-ல் மால்பீகி தவளையின் நுரையீரலில் கண்டார்.

இரண்டு சிறு துளைகள்

கடைசியாகப் பெருந்தமனியின் அடியில், பிறை வால்வுக்குச் சற்று மேலே பாருங்கள். இரண்டு சிறு துளைகள் இருக்கும். ஒரு தீக்குச்சியை மெல்ல நுழைத்தால் அது கரோனரி தமனிக்குள் போகும். இதயத்தின் தசைக்கு உணவு கொண்டுபோகும் குழாய் அதுதான்.

உள்ளே இவ்வளவு இரத்தம் ஓடும்போது தனிக் குழாய் எதற்கு? தண்ணீர் டாங்கர்களை இழுத்துப்போகும் நீராவி எஞ்சின், அந்த டாங்கரிலிருந்து ஒரு சொட்டும் எடுக்காது. தன் டெண்டரிலுள்ள தண்ணீரில்தான் ஓடும். இதயமும் அப்படித்தான். அந்தச் சிறு குழாய் அடைபட்டால் தசை சாகத் தொடங்கும். அதுதான் மாரடைப்பு.

என்னோடு ஷெட்டில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், வயது ஐம்பத்திரண்டு. ஓரிரவு நெஞ்சு கனத்து வியர்த்தபோது, "வாயுதான், சரியாகிவிடும்" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தார். காலையில் எழவில்லை. நெஞ்சில் பாரம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, இவை வந்தால் வாயு என்று நாமே முடிவு செய்யக்கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில சமயம் வலியே தெரியாமல் மூச்சு மட்டும் வாங்கும். எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். தசை சாவது நிமிடக் கணக்கில்.

பிள்ளைகளுக்கு மூன்று கேள்விகள்

1. வால்வு நூல் ஒன்று அறுந்தால் இரத்தம் எந்தப் பக்கம் ஒழுகும்?

2. இரத்த அழுத்தம் நெடுநாள் கூடுதலாக இருந்தால் எந்தச் சுவர் தடிக்கும்?

3. நம் வீட்டுக்கு அருகில் இரவிலும் இ.சி.ஜி. எடுக்கும் ஆஸ்பத்திரி எது?

முதல் இரண்டுக்கும் விடை மேலேயே இருக்கிறது. மூன்றாவதற்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. உறவினர் பக்கத்தில் இல்லாத ஊரில் இருக்கிறோம். இன்றே விசாரித்து, அந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் ஆம்புலன்ஸ் எண்ணையும் தமிழிலும் உள்ளூர் மொழியிலும் எழுதி, பாட்டி தாத்தா கண்ணில் படும்படி சுவரில் ஒட்டிவையுங்கள்.